வந்த நாயும் வீட்டு நாயும்
(நாகர்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தெருவில் அடிபட்டுக் கிடந்ததாகவோ, கண் திறந்த சில நாட்களிலேயே சாக்குப்பையில் போட்டு ஓடைக்கரையில் எறியப்பட்டதாகவோ, வளர்த்தவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டமையால் ஆதரவற்றுப் போனதாகவோ ஒரு நாய் நம் கண்ணில் பட்டு, அதற்கு நிரந்தரமான ஒரு வீடு அமையும் வரையில் சில வாரங்களோ சில மாதங்களோ நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இரங்கி அழைத்து வரும்போது, அங்கே ஏற்கெனவே உரிமையோடு வாழ்ந்து வரும் நாய்களுக்கும் இந்தப் புதிய பிராணிக்கும் இடையே சமாதானம் உண்டாக்குவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். சிறிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இரக்கத்தில் தொடங்கி, இரண்டொரு நாளில் ரத்தக்காயத்தில் முடிந்து, 'இனிமேல் எந்த நாயையும் இந்தப் படி ஏற விடமாட்டேன்' என்ற சபதத்தோடு சாத்தப்பட்ட கதவுகள் நம் ஊர்களில் அநேகம். அப்படிச் சாத்தப்படும் ஒவ்வொரு கதவும், அடுத்து வரவேண்டிய ஒரு ஜீவனுக்கு அடைக்கலம் இல்லாமற் செய்துவிடுகிறது.

இந்தக் காரியத்தின் அவசியம் முன்னிலும் இப்போது அதிகம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001-இல் இயற்றப்பட்டு, 2023-இல் புதிதாக வகுக்கப்பட்ட கருத்தடை விதிகள், தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைப் பெரிதும் ஏற்றுக்கொண்டு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம் என்றும், எடுத்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொல்லிற்று. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறப்பித்த கட்டளையிலோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடலாகாது என்று விதித்தது. அந்த நாய்கள் எங்கே போகும்? காப்பகங்கள் எத்தனை கட்டினாலும், குட்டியும் நோயாளியும் கிழமும் வீட்டில்தான் தேறும். மறுபுறம், 2024 என்ற ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 4,80,000-ஐத் தாண்டின. வெறிநோயால் 43 பேர் மாண்டார்கள். ஆகையால் நாயைக் கண்டு அஞ்சுகிறவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட்டு ஜீவகாருண்யம் பேசுவது முறையன்று. அஞ்சுகிறவர்களுடைய அண்டை வீட்டில்தான் நாம் அடைக்கலம் கொடுக்கப் போகிறோம்.

'நாய்க்கு நாய் ஆகாது' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. அடைக்கலம் வந்த நாய்க்கும் வீட்டு நாய்க்கும் மூளும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனுடைய அவசரமே காரணம். கொண்டு வந்த மாத்திரத்தில் வாசற்கதவைத் திறந்து, இரண்டையும் மூக்கோடு மூக்கு நிறுத்தி, சிநேகம் பிறக்கிறதா என்று வேடிக்கை பார்க்கிறோம். சந்தையில் விலை பேசிப் பிடித்து வந்த மாட்டிடம் நம் விவசாயி இப்படி நடந்துகொள்வதில்லை. தொழுத்தின் ஓரத்தில் தனியே கட்டி, அது தின்கிற விதத்தையும் போடுகிற சாணத்தையும் கவனித்து, முட்டும் குணம் உண்டா என்று பார்த்து, சில நாள் கழிந்த பிறகே பழைய மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டுகிறான். அந்த நிதானத்தில் பாதியை நாய்க்குக் காட்டினால் நான் இன்று பேசவேண்டிய அவசியமே இராது.

முதல் இரண்டு வாரம் புதிய நாய் தனியே இருக்கவேண்டும். இதற்கு முதற்காரணம் நோய். குட்டிகளைக் கொத்தாக வாரிக்கொண்டு போகும் பார்வோ என்ற வைரஸ் நோய், உடம்பில் தொற்றிப் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள்ளும், சில வேளை இரண்டு வாரம் சென்றும், வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வெளிப்படும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கு அடங்கும். டிஸ்டம்பர் என்ற நோயோ கண்ணிலும் மூக்கிலும் சளி வடிவதில் தொடங்கி, பிறகு வலிப்பிலும் கொண்டுபோய் விடக்கூடும். உண்ணிகளின் மூலம் பரவும் ரத்த நோய்கள் வேறு. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில், வயலிலும் ஓடையிலும் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து உண்டாகும் எலிக்காய்ச்சல் மனிதனைப் போலவே நாயையும் பற்றும் என்பதை மறக்கலாகாது. ஆகவே வருகிற நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டு வருவதும், வீட்டு நாய்களின் தடுப்பூசிகளை அதற்கு முன்பே முடித்துவைப்பதும் முதற்கடமை. வெறிநோயின் விஷயத்தில் இரண்டு வாரத் தனிமை போதாது. அந்நோய் உள்ளே பதுங்கியிருக்கும் காலம் மாதக்கணக்காகவும் நீளக்கூடும். அங்கே நமக்கும் நம் நாய்களுக்கும் தடுப்பூசி ஒன்றே அரண்.

நான்கு சென்ட், ஐந்து சென்ட் நிலத்தில் மதிலோடு மதிலாகக் கட்டிய இந்நாளைய வீடுகளில் தனியிடம் ஏது என்று கேட்பீர்கள். மாடிப்படியின் கீழுள்ள அறை போதும். பின்புறக் குளியலறை போதும். கார் நிற்கும் இடத்தின் மூலையை ஓலைத்தட்டியால் மறைத்தாலும் போதும். கண்ணுக்குக் கண் படாமலிருப்பதே முக்கியம். தண்ணீர்ச் சட்டியும் சோற்றுத் தட்டும் வேறாக இருக்கவேண்டும். புதிய நாயைத் தொட்ட கையைக் கழுவிவிட்டே பழைய நாயைத் தொடவேண்டும். அடைக்கல நாய் இந்த நாட்களில் பெரும்பாலும் தூங்கும். தெருவில் ஒரு காதை விழிப்பாக வைத்துக்கொண்டே உறங்கிப் பழகிய பிராணி, கதவு சாத்திய இடத்தில் முதன்முதலாக அயர்ந்து உறங்குகிறது. தூங்கும்போது அதைத் தட்டி எழுப்பிக் கொஞ்சுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

தனிமைக்கு இரண்டாவது காரணமும் உண்டு. நாம் ஒருவரை முகம் பார்த்து அறிகிறோம். நாய் மோப்பத்தால் அறிகிறது. தனிமைக் காலத்தின் முடிவில், நோய்க்குறி ஒன்றும் இல்லையென்று கண்டபின், புதிய நாய் படுத்த சாக்கையோ பழைய துணியையோ எடுத்து வந்து வீட்டு நாய் நடமாடும் முற்றத்தில் போட்டால், அது வந்து முகர்ந்து, சுற்றி வந்து, மறுபடியும் முகர்ந்து, ஆணா பெட்டையா, சிறிசா பெரிசா என்பவற்றையெல்லாம் தானே தெரிந்துகொள்ளும். வீட்டு நாயின் துணியை அங்கே கொண்டு போட்டால் விருந்தாளிக்கும் அப்படியே. பிறகு சாத்திய கதவின் இருபுறத்திலும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோறு வைக்கவேண்டும். முதலில் கதவிலிருந்து தள்ளி, நாளுக்கு நாள் சற்று நெருக்கி. கதவுக்கு அப்பாலிருந்து வரும் அந்த வாசனை வருகிற நேரம் நமக்குச் சோறு வருகிற நேரம் என்ற எண்ணம் இரண்டின் மனத்திலும் படிந்துவிடுமானால், பாதிச் சமாதானம் முகம் பாராமலே முடிந்துவிட்டது.

இங்கே ஒரு தவறான கொள்கையைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. நாய்க்கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு; அவன் மற்றவற்றை அடக்கியே ஆளுகிறான்; ஆகையால் வீட்டு எஜமானனும் நாயை மல்லாத்தி அழுத்திப் பிடித்துத் தன் அதிகாரத்தை நிலைநாட்டவேண்டும் என்று இன்னும் பலர் போதிக்கிறார்கள். இதன் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆராய்ச்சியாளர், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைப்பில் வைத்துப் பார்த்து எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அந்தக் கருத்தை 1970-இல் தம்முடைய நூலின் மூலம் உலகெங்கும் பரப்பிய அமெரிக்க அறிஞர் டேவிட் மெக், காட்டிலே சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல காலம் கவனித்த பிறகு, அங்கே இருப்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளுமான குடும்பமேயன்றிச் சண்டையிட்டுப் பதவி பிடித்த அரசு அன்று என்று கண்டு, 1999-இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். தாம் பரப்பியதைத் தாமே திருத்திய அந்த நேர்மை வணக்கத்துக்குரியது. அவருக்கு இல்லாத பிடிவாதம் நமக்கு எதற்கு? பயந்து வந்த நாயை மல்லாத்தி அழுத்தினால் அது கற்றுக்கொள்வது பணிவு அன்று. மனிதக் கை அபாயமானது என்ற ஒன்றைத்தான்.

இன்னொரு விஷயத்தை நம்மவர்கள் தலைகீழாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு நாய் நாகரிகமானது, தெருநாய்க்குத்தான் ஒழுக்கம் கற்பிக்கவேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலிலே, குட்டி பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது பிற ஜீவன்களோடு பழகக் கற்கும் பருவம் என்று நிறுவினார்கள். நம் வீட்டு நாயின் சரித்திரத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பது நாளிலே தாயிடமிருந்து பிரித்து, கூடையில் வைத்துக் கொண்டு வந்து, மதிலுக்குள் விட்டோம்; அதன்பின் இன்னொரு நாயை அது இரும்புக் கதவின் கம்பிகளுக்கு ஊடே குரைத்துப் பார்த்ததேயன்றி அருகே நின்று முகர்ந்ததில்லை. தெருநாயோ கூடப்பிறந்தவற்றோடு உருண்டு, கடியின் அளவை அவற்றின் கூச்சலால் அறிந்து, பெரிய நாய்க்கு வழிவிடவும், சண்டை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் பழகியே வளர்ந்தது. மனிதரிடத்திலும் அது பழகத் தெரிந்ததே. கொல்கத்தாவை அடுத்த ஐசர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் நம் நாட்டுத் தெருநாய்களைத் தெருவிலேயே வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, உணவு கொடுப்பதைக் காட்டிலும் அன்பாகத் தடவிக்கொடுப்பதே அந்நாய்களின் நம்பிக்கையை அதிகம் பெறுகிறது என்று 2017-இல் அவர்கள் எழுதியது, நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆகவே சந்திப்பு நிகழும்போது நாம் அதிகம் கவனிக்கவேண்டியது வந்த நாயை அன்று; நம் நாயை.

அந்தச் சந்திப்பு வீட்டில் நடக்கலாகாது. இரண்டுக்கும் சொந்தமல்லாத பொது இடத்தில் நடக்கவேண்டும். வயல்வரப்பு உதவாது, ஒதுங்க இடமில்லை. அகன்ற குளக்கரைச் சாலை நல்லது. தேரூர்க் குளக்கரையில் ஒரு விடியற்காலை நான் கண்டதைச் சொல்லுகிறேன். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், பேருந்து நிலையத்தில் அடிபட்டுக் காலில் தையல் போட்டிருந்த செவலைப் பெட்டை ஒன்றுக்கு அடைக்கலம் கொடுத்திருந்தார். வீட்டிலே வயது முதிர்ந்த கறுப்புக் கடுவன் ஒன்று இருந்தது. தனிமைக் காலம் முடிந்ததும், கடுவனைத் தாமும் செவலையைத் தம் தம்பியுமாகப் பிடித்துக்கொண்டு, நடுவே ஒரு லாரி போகும் இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடந்தார்கள். கயிறு தளர்ந்தே இருந்தது. முதலில் கடுவனுடைய முதுகுமயிர் கழுத்திலிருந்து வால்வரை சிலிர்த்தது. வாயை இறுக மூடிக்கொண்டு செவலையையே வெறித்தது. ஆசிரியை அதட்டவில்லை, கயிற்றைச் சுண்டவில்லை. பேசிக்கொண்டே நடையைச் சிறிது விரைவாக்கினார். செவலை கண்ணைத் தாழ்த்தி, நாக்கால் மூக்கை நக்கி, தரையிலே ஒன்றுமில்லாத இடத்தை வெகு கவனமாக முகர்ந்தது. அது நாய்களின் மரியாதை. சற்று நேரத்தில் கடுவன், செவலை சிறுநீர் கழித்த இடத்தில் நின்று முகர்ந்து, தானும் அங்கே காலைத் தூக்கியது. பிறகு நனைந்த நாய் உதறுவதுபோல் உடம்பு முழுவதையும் ஒருமுறை உதறியது. வாய் திறந்தது, நாக்குத் தொங்கிற்று. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போய், கரை முடிகிற இடத்தில் இரண்டும் வளைந்து வந்து ஒன்றின் பின்புறத்தை ஒன்று முகர இரண்டு மூன்று வினாடி விட்டு, 'வா, வா' என்று இரு பக்கமும் அழைத்துப் பிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் நடை.

வால் ஆடுகிறதே என்று மட்டும் நம்பிவிடலாகாது. விறைத்து நிமிர்ந்து சிற்றசைவாய் ஆடும் வால் எச்சரிக்கை. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் கண்டறிந்தபடி, எஜமானனைக் காணும்போது நாயின் வால் வலப்புறம் அதிகமாகவும், அறியாத முரட்டு நாயைக் காணும்போது இடப்புறம் அதிகமாகவும் சாய்ந்து ஆடுகிறது. உறுமலை ஒருபோதும் தண்டிக்காதீர்கள். உறுமல் என்பது 'கடிக்க விருப்பமில்லை, விலகிப் போ' என்ற விண்ணப்பம். அதை அடித்து நிறுத்திய வீடுகளில்தான் எச்சரிக்கையின்றிக் கடிக்கிற நாய் உருவாகிறது. சங்கிலியில் கட்டிய நாயின் முன்னே அவிழ்த்துவிட்ட நாயைக் கொண்டுபோவதும் தவறு. விலகி ஓட வழியில்லாத பிராணிக்கு எதிர்த்து நிற்பதைத் தவிர வேறென்ன வழி இருக்கிறது?

வீட்டுக்குள் பிரவேசித்த பிறகு, சண்டை மூளும் இடங்கள் ஒருசிலவே: குறுகிய நடை, வாசற்படி, அடுக்களைக் கதவு, எஜமானனின் காலடி. எல்லாவற்றிலும் மோசமானது மீன் வரும் நேரம். கடற்கரையிலிருந்து சாளையும் நெத்தோலியுமாகப் பெண்கள் கூவி வரும் குரல் தெருமுனையில் கேட்டதுமே எல்லா நாய்களும் வாசலுக்குப் பாய்கின்றன; அம்மா முற்றத்து ஓரத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்ததும் சுற்றி நெருங்குகின்றன; ஒரு தலை தவறி விழுகிறது. பல நாள் வளர்த்த சிநேகம் அந்த ஒரு சாளைத்தலையில் அழிந்துபோவதுண்டு. ஆகையால் மீன் வெட்டும் நேரத்தில் புதிய நாய் தன் அறைக்குள் இருக்கட்டும். சோறு எப்போதும் தனித்தனித் தட்டில், தனித்தனி இடத்தில்; தின்று முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடவேண்டும். பழைய நாய்க்குரிய இடத்தையும், அது உங்களோடு போகும் நடையையும், இரவில் அது படுக்கும் மூலையையும் விருந்தாளிக்காகக் குறைக்காதீர்கள். அடைக்கலம் கொடுத்தது நீங்கள். அதன் செலவை உங்கள் நாய் தலையில் சுமத்தக்கூடாது.

சண்டை மூண்டே விட்டால் நடுவே கையை நீட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பலகை, தடித்த போர்வை இவற்றில் ஒன்று எட்டுகிற இடத்தில் எப்போதும் இருக்கட்டும். மனிதருக்குப் பல் பட்டுவிட்டால், சொந்த நாய்தானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிற அரசு மருத்துவமனைகளிலும் தடுப்பூசி கட்டணமின்றிப் போடுகிறார்கள். தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களும் தவறக்கூடாது.

சண்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருத்தடை செய்யாத பெட்டை பருவத்துக்கு வந்தால், ஏறத்தாழ மூன்று வாரம் வீட்டிலும் தெருவிலும் அமைதி இராது. கருத்தடை செய்த கடுவனுக்கும் சில வாரங்கள் வரையில் சினைப்படுத்தும் ஆற்றல் எஞ்சியிருக்கலாம். இரண்டு பெட்டைகளுக்குள் மூண்ட பகை கடுவன்களின் பகையைவிட ஆழமாகவும் நீண்டதாகவும் இருக்கும் என்பது அனுபவஸ்தர்கள் பலரும் சொல்வது. வந்த நாய் பழக எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு, மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் வரும், மூன்று மாதத்தில் சொந்த வீடு என்று நம்பும் என ஒரு கணக்குச் சொல்லுவார்கள். கணக்கு என்ற அளவில் நல்லதே. ஆனால் நாய் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சில நாய்கள் எவ்வளவு நிதானமாகப் பழக்கினாலும் வேறொரு நாயோடு வாழ ஒருப்படுவதில்லை. வீட்டு நாய் சாப்பாட்டை விட்டுவிட்டது, மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது, ஒருமுறைக்கு மேல் ரத்தம் கண்டுவிட்டது என்றால், வேறு நாய் இல்லாத வீடு ஒன்றைத் தேடி அடைக்கல நாயை அங்கே மாற்றிவிடுவதே தர்மம். அதைத் தோல்வி என்று எண்ணவேண்டியதில்லை. தத்தெடுக்க வருகிறவர்களுக்கு அந்த நாயைப் பற்றித் தெரியவேண்டிய மிகப் பெரிய உண்மை தெரிந்துவிட்டது. அந்த உண்மையை மறைத்துக் கொடுப்பதுதான் குற்றம்.

தத்துக் கொடுக்கும் நாளில் அது படுத்திருந்த துணியையும், தின்று பழகிய உணவின் ஒரு வாரப் பங்கையும், தடுப்பூசிச் சீட்டையும் கூடவே அனுப்புங்கள். உங்கள் வீட்டு நாய் இரண்டொரு நாள் அந்த அறைவாசலில் போய் நிற்கும். நிற்கட்டும், அதட்டாதீர்கள்.

இந்த அவையிலே உள்ளவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. எல்லாரும் செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாந்தமான சுபாவமுள்ள நாய் ஒன்றும், சாத்தக்கூடிய அறை ஒன்றும், வீட்டார் அனைவருடைய சம்மதமும் உள்ளவர்கள் மட்டும், வரும் வாரத்திலேயே உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய், அடிபட்ட நாயோ தாயில்லாக் குட்டியோ வந்தால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளத் தயார் என்று மருத்துவரிடம் சொல்லிவைத்து வாருங்கள். போகும்போது உங்கள் நாயையும் அழைத்துப் போய், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டிய தவணை கடந்திருந்தால் அன்றே போட்டுவிடுங்கள்.